கோணேஸ்வரி பிடித்த கடைசி மீன்

கோணேஸ்வரியைத் தகனம் செய்த இரண்டாம் நாள், எட்டுச் செலவுக்கு வீட்டில் என்னென்ன இருக்கிறதென்று பார்ப்பதற்காக மங்கையற்கரசி கீழே பேஸ்மென்டுக்கு இறங்கிப் பெரிய ஃபிறீசரின் மூடியைத் திறந்தாள். இறந்தவளின் புருஷனுக்கு அவள் மூத்த சகோதரி. விட்பியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து இறங்கி, தம்பியின் மல்வேர்ன் வீட்டை அன்றே பொறுப்பெடுத்திருந்தாள்.

"தம்பி, இஞ்ச ஒரு மீன் கிடக்கு. பெரிய மீன். உங்கட சமன் போல."

இராசரத்தினம் இரண்டு படி இறங்கி நின்றான். அது அங்கே கிடப்பது அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து தனியே திரும்பி வந்த அன்று ஐஸ் எடுப்பது போல வந்து மூடியைத் திறந்து, அதைப் பார்த்துவிட்டு, ஐஸ் எடுக்காமலே மூடியிருந்தான்.

"அது நல்லதாப் போச்சு," என்றாள் அக்கா. "அவளுக்கு விருப்பமான மீன். சனிக்கிழமைக்கு இதையே குழம்பு வைப்பம்."

எட்டுச் செலவென்றால் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம், மீன் இறைச்சி உட்பட, சமைத்து இலையில் படைக்க வேண்டும். எட்டாம் நாள் எந்தக் கிழமையில் விழுந்தாலும் ரொறன்ரோவில் எட்டு சனிக்கிழமைதான். மற்ற நாளில் ஒருவருக்கும் லீவு கிடையாது.

"அதைத் தொடாதை அக்கா."

"ஏன்?"

"அது இருக்கட்டும். அது அவள் பிடிச்சது."

"அவள் பிடிச்சதெண்டால் இன்னும் நல்லதெல்லோ."

"போன வருசம் பிடிச்சது. கடைசியாப் பிடிச்சது." அவன் ஃபிறீசரைப் பார்க்காமல் சொன்னான். "நான் புதுமீன் கொண்டுவாறன். ஆத்தில இப்ப நல்லா ஏறுதாம். நீக்கிலாஸ் சொன்னவன்."

மங்கையற்கரசி ஃபிறீசர் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எப்பையடா தூண்டில் பிடிச்சனி? கரையில காருக்குள்ள இருந்து பேப்பர் வாசிச்ச ஆளெல்லே நீ."

"பிடிப்பன்."

"செத்தவீட்டுத் துடக்கோட ஆத்துக்குப் போய்க் கொலை செய்யிறதோ?"

"அவளுக்குத்தானே அக்கா."

அக்கா மூடியை மெல்ல இறக்கிவிட்டாள்.

அக்கா சொன்னது உண்மைதான். அந்த வீட்டில் மீன் பிடித்தவள் கோணேஸ்வரி. கனடாவுக்கு வந்த புதிதில் அவளுக்கு அஜக்ஸில் ஒரு பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்தால் இராசரத்தினம் காரில் வந்து ஏற்ற வேண்டும். அவன் எப்போதும் பிந்துவான். காத்து நின்று அலுத்துப்போன ஒரு புரட்டாதி நாளில் அவள் பக்கத்துப் பாலம் வரை நடந்து போயிருக்கிறாள். கீழே முழங்கால் அளவு தண்ணீரில், ஊரில் தகர ரின்னுக்குள் துண்டாக மட்டும் கண்டிருந்த சமன் மீன்கள், ஒவ்வொன்றும் கை நீளத்தில், முதுகு வெளியே தெரிய ஏரியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தன. அன்று அவன் வந்து ஹோன் அடித்தும் அவள் வரவில்லை. இறங்கிப்போய்த் தேடினான். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் திரும்பிப் பார்க்காமலே, "சத்தம் போடாதீங்க," என்றாள்.

அடுத்த கிழமையே தூண்டில் வந்துவிட்டது. ஒரு பெண்பிள்ளை, அதுவும் கலியாணமானவள், வெள்ளைக்காரக் கிழவர்களோடு ஆற்றுக்குள் இடுப்பளவு ரப்பர் சப்பாத்துப் போட்டு நிற்பதா என்று சொந்தத்துக்குள் ஒரு பேச்சு எழும்பியது. மங்கையற்கரசியே கேட்டாள். கோணேஸ்வரி மட்டக்களப்புக்காரி, யாழ்ப்பாணத்து மைத்துனிக்குப் பதில் வைத்திருந்தாள்.

"எங்கட ஊருல வாவியப் பாத்து வீடு கட்டுற மச்சாள். உங்கட ஊருல மதிலப் பாத்துக் கட்டுற. உங்களுக்கு உது விளங்காது."

மங்கையற்கரசி அதைப் பத்து வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவை நல்ல வருஷங்கள். அப்போது அவர்கள் மல்வேர்னிலேயே ஒரு உயர்ந்த அப்பார்ட்மெண்டில் இருந்தார்கள். மீன் மிஞ்சி, எலிவேற்றரில் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். ஒரு முறை கருவாடு போடுவோமென்று உப்புத் தடவி பல்கனியில் கட்டித் தொங்கவிட்டாள். கொழுப்புள்ள அந்த மீன் காயவே இல்லை. மஞ்சளாய் எண்ணெய் சொட்டிக் கீழ்வீட்டுக்காரியின் உடுப்பில் விழுந்து, சுப்பரின்டென்டன் ஏறி வந்து, கட்டடம் முழுக்க மணந்து, பெரிய கூத்தாகிவிட்டது. "இந்த நாட்டு மீனுக்குக் காயத் தெரியாது," என்று கோணேஸ்வரி மீனின் மேல் பழியைப் போட்டாள்.

இந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரையில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆவணிக்குள் எழும்பி நடக்க மாட்டாமல் போனாள். அவளோடு ஆற்றில் நிற்கிற நீக்கிலாஸ், குருநகர்ப் பெடியன், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன், கிழமைக்கொரு தரம் ஆஸ்பத்திரிக்கு வருவான். கட்டிலருகே இருந்து ஆற்றுப் புதினம் சொல்லுவான்.

"மீன் ஏறுதா நீக்கிலாஸ்?"

"ஏறுதோ? நேற்றுக் காலுக்குள்ளால போகுது அக்கா. மிதிபடாமல் நிக்கேலாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். இராசரத்தினம் அந்தச் சிரிப்புக்காக நீக்கிலாஸின் வரவை எதிர்பார்த்திருப்பான். மீன் ஏறுவதாக அப்படியே நம்பியுமிருந்தான்.

ஃபிறீசரைத் திறந்த மறுநாள் விடிந்ததும் கடையில் ஒரு லைசென்ஸ் எடுத்து, அவளுடைய தூண்டிலையும் பச்சை வாளியையும் காரில் ஏற்றி, 401 ஹைவேயில் அஜக்ஸுக்குப் போனான். நீக்கிலாஸ் வேலைக்குச் சுகமில்லையென்று சிக் அடித்துவிட்டுப் பாலத்தடியில் நின்றான். இராசரத்தினம் தண்ணீரைப் பார்த்தான். தண்ணீர் தெளிவாக, அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"எங்கை?" என்றான்.

நீக்கிலாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான். "இல்லை அண்ணை."

"காலுக்குள்ளால போகுதெண்டனி."

"அக்காவுக்குச் சொன்னது அண்ணை." அவன் ஆற்றைப் பார்த்தே பேசினான். "இந்த முறை ஏறவேயில்லை. நாங்கள் எல்லாரும் சேந்து பிடிச்சது ஒரு வாளிக்குக் காணாது. படுத்திருக்கிற மனுசியிட்டை அதைப் போய் என்னெண்டு சொல்லுறது?"

இராசரத்தினத்துக்கு முதலில் கோபந்தான் வந்தது. பிறகு, தான் அந்தக் கட்டிலருகே இருந்து அவளிடம் சொன்ன சொற்கள் நினைவுக்கு வந்தன. டொக்டர் சொன்னதற்கும் அவன் அவளுக்குச் சொன்னதற்கும் எவ்வளவோ தூரம். அவன் ரப்பர் சப்பாத்தைப் போட்டான். அவளுடையது, காலில் பாதிதான் ஏறியது. கழற்றி வைத்துவிட்டு, நடக்கிற சப்பாத்தோடேயே தண்ணீரில் இறங்கினான்.

அந்தக் கிழமை முழுக்கக் காலையில் அங்கே போனான். நீக்கிலாஸ் தங்கூசி நூலில் இரை கட்டித் தருவான். எறிந்தால் பாதி நேரம் மரத்தில்தான் மாட்டும். கரையில் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களும் தூண்டில் போட்டதைவிடப் பேசியதுதான் கூட. அவர்களுக்குள் மூத்தவர் வால்டர் என்றொரு கிழவர். கோணேஸ்வரி ஒரு முறை அவருக்கு மீன் ரொட்டி கொடுத்திருந்தாள் போல. இராசரத்தினத்திடம் வந்து கையைக் குலுக்கி, நல்ல மனுஷி என்றார். பிறகு துக்கம் விசாரிக்கிற அதே குரலில் ஆற்றின் கதையைச் சொன்னார்.

இந்தச் சமன் இந்த ஏரியில் பிறந்த சாதி அல்ல, மேற்குக் கடலிலிருந்து கொண்டுவந்து விட்டது என்றார். வருஷா வருஷம் அரசாங்கம் குஞ்சு பொரிக்கவைத்து ஆறுகளில் விடும், அது ஏரிக்குப் போய்த் தின்று பெருத்து, மூன்று நாலு வருஷத்தில் முட்டையிட ஆற்றுக்கு ஏறும், முட்டையிட்டதும் செத்துப்போகும். ஆனால் ஏரியில் அது தின்கிற சின்ன மீன் குறைந்துவிட்டது. கப்பலோடு ஏதோ சிப்பி வந்து தண்ணீரின் சத்தையெல்லாம் உறிஞ்சுகிறதாம். தீனி இல்லாத இடத்தில் வாயைக் கூட்டக்கூடாதென்று தொண்ணூற்று மூன்றிலேயே குஞ்சு விடுவதைக் குறைத்துவிட்டார்கள். அப்போது கூட்டம் போட்டார்கள், இவர்களெல்லாம் போய்ச் சத்தம் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

"அப்ப விடாத குஞ்சு இப்ப என்னெண்டு வரும் அண்ணை?" என்றான் நீக்கிலாஸ், கிழவர் போன பிறகு. "சிலபேர் எங்களையும் சொல்லுறாங்கள். தமிழரும் சீனரும் சினை மீனாப் பாத்து அள்ளிக்கொண்டு போறாங்களாம். அதிலயும் பொய்யில்லை. சினைப்பொரியல் எண்டால் எங்கட ஆக்கள் விடுவினமோ? ஆண்மீனைத் தூக்கி எறிஞ்சு போட்டுச் சினைமீனைத்தானே கொண்டு போனம். அக்காவும் நானுந்தான்."

பாலத்தடியில் ஒரு பலகை கட்டியிருந்தார்கள். இந்த இலையுதிர் காலத்தில் பெண்மீன் பட்டால் தயவுசெய்து திரும்ப விட்டுவிடுங்கள் என்று தூண்டில்காரர் சங்கம் எழுதியிருந்தது. சட்டம் இல்லை, கேட்டுக்கொண்டது. இராசரத்தினம் அதை வாசித்தான். ஒவ்வொரு நாளும் வாசித்தான், பேப்பர் வாசிக்கிற பழக்கத்தில்.

வீட்டில் அக்கா ஒவ்வொரு நாளும் வாளியை எட்டிப் பார்ப்பாள்.

"மீன் எங்கை?"

"நாளைக்கு."

"சனிக்கிழமை வருகுது தம்பி. கடையில வாங்குவமே? அஞ்சு டொலருக்கு வெட்டியே தருவாங்கள்."

"கடைமீனை அவள் தொட்டவளே?"

"அப்ப கீழ கிடக்கிறதை எடுப்பம்."

"வேண்டாம்."

மகள் பிரதீபா சாப்பாட்டு மேசையிலிருந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹைஸ்கூல் கடைசி வருஷம். அம்மா போனதிலிருந்து அவள் அழுததை ஒருவரும் காணவில்லை. "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அ ஃபிஷ்," என்றாள். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல எழும்பி மேலே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் போனபோது கரையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடி நின்றார்கள். ஒருவர் கையிலும் தூண்டில் இல்லை. பாலத்துக்கு மேல்புறம், கூழாங்கல் மேட்டில், ஒரு மீன் நின்றது. பெரிய பெண்மீன். வால் வெள்ளையாய்த் தேய்ந்திருந்தது. அது ஒரு பக்கம் சரிந்து வாலால் கல்லை அடித்து அடித்துக் குழி தோண்டுவதும், தண்ணீர் இழுக்கப் பின்னால் போவதும், மறுபடி ஏறி அதே இடத்துக்கு வருவதுமாக இருந்தது. கோவிலில் பூசை பார்க்கிறவர்களைப் போல ஏழெட்டுப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இராசரத்தினம் காரடிக்குத் திரும்பிப் போய்த் தூண்டிலை எடுத்து வந்தான்.

"அண்ணை," என்றான் நீக்கிலாஸ்.

"நாளைக்கு எட்டு."

"தெரியும் அண்ணை. ஒருத்தரும் உங்களை ஒண்டும் சொல்லமாட்டினம். எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லுறது..." அவன் முடிக்கவில்லை.

இராசரத்தினம் வால்டரைப் பார்த்தான். வால்டர் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் தண்ணீரில் இறங்கினான். ஒரு கிழமையாக மரத்தில் மாட்டிய தூண்டில் அன்றைக்கு நேரே போய் மீனின் மூக்கடியில் விழுந்தது. இரண்டாம் தரம் இழுத்தபோது, எரிச்சலில் கடித்ததோ என்னவோ, கொழுவிக்கொண்டது. கோணேஸ்வரி சொல்லுவாள், கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், ரீல் அலறும், நாலு வளைவு தாண்டிக் கூடவே ஓட வேண்டி வருமென்று. இது ஓடவில்லை. இரண்டு முறை தலையை உதறியது. பிறகு பின்னால் நடந்து வருகிற மாடு மாதிரி வந்தது. நீக்கிலாஸ் கைவலையால் அள்ளினான். இராசரத்தினமே கல்லால் தலையில் அடித்தான். ஒரு முறை போதவில்லை. இரண்டாம் முறையும் அடிக்க வேண்டியிருந்தது.

நீக்கிலாஸ் ஒரு தட்டைக் கல்லில் வைத்து வயிற்றைக் கீறினான். உள்ளே ஒன்றுமில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டு நாலைந்து செம்மஞ்சள் முட்டைகள் கிடந்தன. தசை சிவப்பாக இல்லை. நனைந்த பஞ்சு போல வெளிறியிருந்தது.

"முட்டை விட்டு முடிச்சிட்டாள் அண்ணை," என்றான். "சும்மா காவலுக்குத்தான் நிண்டிருக்கிறாள்."

"தின்னலாமோ?"

நீக்கிலாஸ் கத்தியைத் தண்ணீரில் கழுவினான். நன்றாக நேரமெடுத்துக் கழுவினான். "எப்பிடியும் ரெண்டு மூண்டு நாளில செத்திருக்கும் அண்ணை. நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ."

வால்டர் வந்து குனிந்து பார்த்தார். முட்டை கல்லுக்குள் பத்திரமாகத்தான் இருக்கும் என்றார். அது ஆறுதலா, குற்றஞ்சாட்டலா என்று இராசரத்தினத்துக்கு விளங்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கூழாங்கல் மேட்டில் அந்தக் குழி மட்டும், கழுவி வைத்த சட்டி போல, வெளிறித் தெரிந்தது.

அவன் மீனை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆற்றங்கரையில் எறிந்துவிட்டு வர மனம் கேட்கவில்லை.

மங்கையற்கரசி சிங்கில் போட்டுப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "உது ஆத்துக்க செத்துக் கிடந்ததோ?" என்றாள். ஆனாலும் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வால் பக்கத்தில் இரண்டு துண்டு வெட்டிப் புளி கரைத்துச் சின்னச் சட்டியில் ஏற்றினாள். கொதி வந்ததும் துண்டு கரைந்து தும்பு தும்பாய்ப் போயிற்று. அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, தேங்காய் துருவப் போனாள்.

இராசரத்தினம் கீழே இறங்கினான். மூடியைத் திறந்து, பட்டாணிப் பைக்கும் ரொட்டிக்கும் கீழே கிடந்ததை இரண்டு கையாலும் தூக்கினான். குழந்தையின் பாரம் இருந்தது. தமிழ்ப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் பாண் வந்த பிளாஸ்டிக் பைகளைப் போட்டு, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தங்கூசியால் கட்டியிருந்தாள். அவன் வாசித்து முடித்த பேப்பர்தான். மேலே கொண்டுவந்து மேசையில் வைத்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். விரல் விறைத்தது. முடிச்சு அசையவில்லை. எப்படிப் போட்டாளோ, இழுக்க இழுக்க இறுகியது. கத்தியை எடுத்தான், வைத்தான்.

பிரதீபா எப்போது வந்தாள் என்று தெரியாது. கத்தரிக்கோலோடு வந்து பக்கத்தில் நின்றாள். "நான் வெட்டுறன் அப்பா," என்றாள். இரண்டு இடத்திலும் வெட்டினாள். வெட்டிய தங்கூசித் துண்டுகளைக் குப்பையில் போடாமல் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். அப்போதுதான் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், நின்றபடியே. அவன் ஈரக்கையோடு அவளைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை வீடு நிறைந்தது. விட்பியிலிருந்தும் அஜக்ஸிலிருந்தும் சொந்தக்காரர் வந்தார்கள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கணவாயும் முட்டையும், நடுவில் சமன் குழம்பும் வைத்தார்கள். மங்கையற்கரசி, கோணேஸ்வரி வைக்கிற மாதிரியே தேங்காய்ப்பால் விட்டுத் தடிப்பாக வைத்திருந்தாள். கர்ப்பூரம் காட்டியதும் எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும், யாரும் பார்க்கக்கூடாது.

ஆண்கள் வாசலில் குளிருக்குள் நின்றார்கள். நீக்கிலாஸ் கழுத்துப்பட்டி வைத்த சட்டையோடு வந்திருந்தான். தூண்டிலில்லாமல் அவனைப் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தது.

"சங்கத்தில கதைச்சவையள் அண்ணை. வாற வசந்தகாலத்தில தாங்களே கொஞ்சக் குஞ்சு வாங்கி விடப் போகினமாம். அரசாங்கம் சம்மதிச்சால்."

"விட்டால் எப்ப வரும்?"

"ரெண்டாயிரத்தொண்டு, ரெண்டிலதான்."

இராசரத்தினம் தலையை ஆட்டினான். அந்த வருஷம் என்ற ஒன்று வருமென்பதே அவனுக்கு அதிசயமாக இருந்தது. உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இருக்காதென்று தெரிந்தும் காது கொடுத்துக்கொண்டு நின்றான்.

கதவைத் திறந்து, இலையில் படைத்ததை முதலில் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள். அக்கா அவன் கையில் சாப்பாட்டுக் கோப்பையைத் தந்தாள். நல்ல துண்டு, முள்ளில்லாத நடுத்துண்டு. மற்றவர்களும் பந்தியில் இருந்தார்கள்.

"என்ன ருசி," என்றார் அக்காவின் புருஷன், விட்பி அத்தான். "ஆத்துமீனெண்டால் ஆத்துமீன்தான்."

"கோணேஸ் பிடிச்சதெல்லே," என்றாள் யாரோ ஒருத்தி.

இராசரத்தினம் ஒரு வாய் வைத்தான். மிளகாய்க்கும் புளிக்கும் பாலுக்கும் அடியில் அது இருந்தது. வறண்ட, பழைய பனிக்கட்டியின் மணம். ஓரமெல்லாம் நார் போலக் காய்ந்திருந்தது. ஒரு வருஷம் கிடந்த மீன். இன்னும் ஒரு வருஷம் வைத்திருந்தால் நாய்க்கும் உதவியிராது. மேசையைச் சுற்றி எல்லோரும் தலையைக் குனிந்து, நன்றாயிருக்கிறதென்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

பக்கத்தில் பிரதீபா மென்றுகொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, ஃபிறீசர் மணக்குது."

"ஓம்," என்றான்.

"அம்மாவெண்டால் எறிஞ்சிருப்பா."

"ஓம் பிள்ளை. எறிஞ்சிருப்பா."

அவள் தன் துண்டைப் பாதியாகப் பிய்த்து அவன் கோப்பையில் வைத்தாள். அவன் அதையும் சேர்த்து, முள்ளையும் சூப்பி, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான்.